எக்ஸ்டர்னல் ஃபிக்ஸேட்டர்: எலும்பைச் சுட்டுவிடாதீர்கள்

நள்ளிரவு டூட்டியில் திறந்த முறிவுக்கு (தோல் கிழிந்த எலும்பு முறிவு) ஃபிக்ஸேட்டர், அதாவது எலும்பில் பின்களை ஏற்றி வெளியே ராடோடு பூட்டும் சட்டம், போடும் எலும்பியல் பிஜி மாணவர்கள், நாங்கள் அந்த வயதில் செய்த அதே தவறுகளைத்தான் இன்றும் செய்கிறார்கள். காயத்தைக் கழுவு, ஆன்டிபயாடிக் கொடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

துளையிடாமல் பின்னை ஏற்றுவது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் மூட்டுவது இதுதான். அவசரத்தில் ஷான்ஸ் பின்னை (எலும்பில் திருகி ஏற்றும் மரையுள்ள கம்பி) அப்படியே பவர் ட்ரில்லில் மாட்டி, முழு வேகத்தில் கணைக்கால் எலும்பான டிபியாவில் அழுத்துகிறார்கள். டிபியாவின் நடுப்பகுதி கெட்டியான எலும்பு. உரசலில் சூடு ஏறிவிடும். 47 டிகிரி செல்சியஸ் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு சேதமாகிறது. துளையிடும்போது வெளியே வரும் தூளைப் பாருங்கள். வெளுப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். பழுப்பேறி, தீய்ந்த வாடையோடு வந்தால் அந்தத் துளை போச்சு.

போட்ட அன்று பின் இறுக்கமாகத்தான் இருக்கும், அதை நம்பி ஏமாறுகிறோம். சில வாரங்களில் தளர்ந்து சீழ் கசியும். வேறொரு இடத்தில் பின் போட்டுக்கொண்டு வந்த பெயின்டர் ஒருவருக்கு, ஓ.பி.யில் கட்டைப் பிரித்தால் பின் விரல் பட்டாலே ஆடுகிறது. எக்ஸ்ரேயில் அதைச் சுற்றி மோதிரம்போல் செத்த எலும்பு. "லூஸ்தானே டாக்டர், டைட் பண்ணிவிட்டா போதாதா?" என்று அவர் மனைவி கேட்டார். போதாது. பின்னை எடுத்து, செத்த எலும்பைச் சுரண்டி, சீழ் அடங்கும்வரை நெயில் (எலும்புக்குள்ளேயே செலுத்தும் நீளக் கம்பி) போடாமல் காத்திருந்தோம். ஏணியில் ஏறினால்தான் அவருக்குக் கூலி.

5 மி.மீ. பின்னுக்கு 3.5 மி.மீ. ட்ரில் பிட், ஸ்லீவ் (சதையைக் காக்கும் குழல்) வழியாக, விட்டுவிட்டு, சலைன் ஊற்றிக்கொண்டே. அப்புறம் பின்னை டி-ஹேண்டிலில் மாட்டிக் கையால் திருகுங்கள். மழுங்கிய பிட்டை மறுபடி தட்டில் வைக்காதீர்கள்.

பிளாஸ்டிக் சர்ஜனைக் கேட்காமல் இடம் குறிப்பது

காயத்தை மூட அவர் திருப்பி வைக்கும் தசை, தோல் துண்டான ஃபிளாப் வரப்போகும் வழியில் பின் நின்றால் அவர் எங்கே வெட்டுவார்? முடிந்தால் தியேட்டருக்கே கூப்பிட்டுக் காட்டுங்கள். பிற்பாடு பிளேட் வைக்கப்போகும் இடத்தையும் விட்டுவிடுங்கள்.

பின்களை நெருக்கிப் போடுவது

முறிந்த எலும்பின் ஒவ்வொரு துண்டிலும் ஒரு பின் முறிவுக்குப் பக்கத்தில், இன்னொன்று தள்ளி. பின்களை வெளியே இணைக்கும் ராடும் எலும்பை ஒட்டியே இருக்கட்டும், ஆனால் வீக்கத்துக்கு இடம் விட்டு.

தோல் இழுபடுவது

பின்னைச் சுற்றித் தோல் இழுபட்டால், அங்கேயே கீறி விடுவியுங்கள்.

பாதத்தை மறப்பது

ஃபிக்ஸேட்டரைக் கணுக்காலைத் தாண்டிப் பூட்டினால் பாதம் 90 டிகிரியில் நிற்க வேண்டும்.

தேதி சொல்லாமல் அனுப்புவது

ஃபிக்ஸேட்டரை எடுத்து நெயிலுக்கு மாற்றுவதானால், காயம் இடம் கொடுத்தால், 2 வாரத்துக்குள் மாற்றுங்கள். தள்ளிப்போகப் போக, பின் துளையிலுள்ள கிருமி நெயிலுக்கும் போகும் அபாயம் கூடும். டிஸ்சார்ஜ் தாளிலேயே தேதியை எழுதிக் கொடுங்கள்.