எர்ரர் மெசேஜில் ஒரு புள்ளியைத் திருத்தும்போது

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் மீன் வியாபாரத்தில் பில் போடுவதற்கும் படகுக் கணக்குப் பார்ப்பதற்கும் மென்பொருள் வந்துவிட்டது. அதைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எர்ரர் மெசேஜ்களில் நிற்கும் இரட்டைப் புள்ளியும் விட்டுப்போன இடைவெளியும்தான் முதலில் கண்ணில் படும். திருத்த வேண்டியவைதான். ஆனால் அந்த வரி எங்கெல்லாம் போகிறது என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

அடிக்கடி நடக்கும் தவறு, படகு எண்ணை ஒட்டிப் புள்ளி வைப்பது. ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகள் பலவற்றின் எண் ‘ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்’ என்று தொடங்கி, வரிசை எண்ணில் முடியும். ‘பதிவில் இல்லாத படகு: ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்-000.’ என்று மெசேஜ் வந்தால், கணக்குப்பிள்ளை எண்ணைக் காப்பி செய்யும்போது புள்ளியும் கூடவே ஒட்டிக்கொள்ளும். தேடினால் படகு கிடைக்காது. ‘000-ல்’ என்று உருபைக் கோடு போட்டு ஒட்டினாலும் இதே கதைதான். ‘என்ற படகு’ என்று எழுதிவிடுங்கள். அழகுக்காகச் சிறுகோட்டை நீளக் கோடாக மாற்றுவது இன்னும் மோசம். கண்ணுக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது, கம்ப்யூட்டருக்கோ அது வேறு எழுத்து. எண், கோப்புப் பெயர், இணைய முகவரி எல்லாவற்றையும் தனி வரியில் வைப்பது நல்லது.

அப்புறம், எல்லா மெசேஜுக்கும் கடைசியில் முற்றுப்புள்ளி வைத்துவிடுவது. கோ (Go) என்ற நிரல்மொழியில் பிழைச் செய்தியின் முடிவில் புள்ளி வைப்பதில்லை, ஏனென்றால் ஒரு செய்தி இன்னொன்றுக்குள் போய்ச் சேரும். புள்ளி வைத்தால் ‘பில் சேமிக்கவில்லை: டிஸ்க் நிறைந்துவிட்டது.: மீண்டும் முயலவும்’ என்று அலங்கோலமாக வரும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் விதி வேறு: முதன்மைச் செய்திக்குப் புள்ளி கிடையாது, விவரமும் குறிப்பும் முழு வாக்கியமாகப் புள்ளியோடு முடியும். உங்கள் மென்பொருளில் எது வழக்கமோ அதைப் பின்பற்றினால் போதும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது மொழிபெயர்ப்பை மறக்கும்போதுதான். மென்பொருள் செய்திகளை மொழிபெயர்க்கப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் முறையில் ஆங்கில வரிதான் சாவி, அதை வைத்துத்தான் தமிழ் வரி தேடி எடுக்கப்படும். அதில் ஒரு புள்ளியை எடுத்தாலும் அது புது வரி ஆகிவிடும். மொழிபெயர்ப்புக் கோப்பைப் புது வரிகளோடு இணைக்கும் எம்எஸ்ஜிமெர்ஜ் கருவியை ஓட்டியதும் பழைய தமிழ் வரி ‘ஃபஸ்ஸி’, அதாவது சரிபார்க்க வேண்டியது, என்று குறிக்கப்படும். அந்தக் கோப்பை மென்பொருள் படிக்கும் வடிவுக்கு மாற்றும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவி ஃபஸ்ஸி வரிகளை, நாம் தனியாகச் சொன்னாலொழிய, சேர்க்காது. விளைவு, நேற்றுவரை தமிழில் வந்த செய்தி இன்று ஆங்கிலத்தில் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, வலை நிறைய மீனோடு படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் கல்லாவில் இருப்பவர் புரியாத வரியைப் பார்த்து நிற்பார். புள்ளி திருத்திய கையோடு தமிழ்க் கோப்பையும் திறந்து, வரி சரியா என்று பார்த்து, ஃபஸ்ஸி குறியை நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே மாற்றப் பதிவில், போகட்டும்.

மெசேஜின் எழுத்தை அப்படியே ஒப்பிடும் டெஸ்டுகளும் லாக் ஸ்கிரிப்டுகளும் இருக்கும். பழைய வரியை ரெப்போ (நிரல் கோப்புகளின் தொகுப்பு) முழுக்க ஒருமுறை தேடிவிட்டு மாற்றுங்கள். ஆச்சரியக்குறிகளை யோசிக்காமல் எடுத்துவிடலாம். பில் நின்றுபோன ஆளிடம் சத்தம் போடத் தேவையில்லை. ஆனால் இந்தத் திருத்தங்களை வேறு பக் ஃபிக்ஸோடு கலக்காதீர்கள். நாளை ஏதாவது உடைந்தால், இதை மட்டும் தனியாகத் திரும்ப எடுக்க வழி இருக்க வேண்டும்.