கிராமக் கல்லறைத் தோட்டத்தில் போர்வீரர் கல்லறைகளைக் கண்டறிந்து பதிவு செய்யும் முறை

இங்கிலாந்தின் கிராமம் ஒன்றில், தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் இரண்டு உலகப் போர்களின் வீரர்கள் எழுவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளதாகப் பதிவேடு கூறியது. முதல் இரண்டு முறை சென்றபோது என் கண்ணில் பட்டவை ஐந்து கல்லறைகள் மட்டுமே. மற்ற இரண்டும் மூன்றாம் முறைதான் அகப்பட்டன. அந்த இரண்டு வீண் பயணங்களை நீங்களாவது தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதற்படி: பட்டியலோடு செல்லுங்கள்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917இல் அரச சாசனத்தின் மூலம் தொடங்கப்பட்டது. இரண்டு உலகப் போர்களிலும் மாண்ட ஏறத்தாழ 17 இலட்சம் பேரின் பதிவுகளை அது பராமரிக்கிறது. அவற்றை அதன் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். வீரரின் பெயரைக் கொண்டு தேடாமல் கல்லறைத் தோட்டத்தின் பெயரைக் கொண்டு தேடுங்கள். ஒரே கிராமத்தில் தேவாலய வளாகம் ஒரு பதிவாகவும், பிற்காலத்தில் அதனோடு சேர்க்கப்பட்ட விரிவாக்கப் பகுதி வேறொரு பதிவாகவும், ஊர்ப் பொதுக் கல்லறைத் தோட்டம் இன்னொரு பதிவாகவும் இருக்கக்கூடும் என்பதால் மூன்றையும் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், இருப்பிடக் குறிப்பு ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிறிய தோட்டங்களில் அந்த இருப்பிடக் குறிப்பு ‘வடமேற்குப் பகுதி’ என்ற அளவிலேயே நின்றுவிடும். அதை நம்பி நேராக நடந்து சென்றுவிட முடியாது. இதற்கெனக் கைப்பேசிச் செயலிகளைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. மழைத் தூறலில் திரையைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன எனக்குப் பென்சிலும் அட்டை போட்ட குறிப்பேடுமே போதும்.

இரண்டாம் படி: வெள்ளைக் கற்களை முதலில் பார்த்து முடியுங்கள்

ஆணையம் நாட்டும் வெள்ளைக் கல் சுமார் 81 செ.மீ. உயரமும் 38 செ.மீ. அகலமும் கொண்டது. பெரும்பாலும் போர்ட்லாண்ட் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. ஸ்காட்லாந்தில் கருங்கல்லும் உண்டு. மேல் விளிம்பு மெல்ல வளைந்திருக்கும். மேலே படைப்பிரிவின் சின்னம், அதன்கீழ் எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது, பிறகு சமயக் குறி, அடியில் குடும்பத்தார் தந்த வாசகம் என்பதே பொதுவான வரிசை. வாசகத்துக்கு 66 எழுத்துகள்தான் வரம்பு. சொற்களுக்கு இடையிலான இடைவெளியும் அந்தக் கணக்கில் சேரும். அதனால்தான் பல வாசகங்கள் தந்தியைப் போலச் சுருங்கியிருக்கின்றன. முதல் உலகப் போரின் அதிகாரிகளுடைய கற்களில் எண் இராது. அது அழிந்துவிட்டதோ என்று நானும் வெகுநேரம் தடவிப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: வெள்ளையல்லாத கற்கள்

நான் இடறியது இங்கேதான். 1915 முதல் பிரித்தானியா போர்முனையில் இறந்தவர்களின் உடல்களைத் தாயகத்துக்குக் கொண்டுவர அனுமதிக்கவில்லை. ஆகவே, முதல் உலகப் போரைப் பொறுத்தவரை, அங்குள்ள கிராமங்களில் அடக்கமாகியிருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் உள்நாட்டு மருத்துவமனைகளில் காயத்தால் இறந்தவர்கள், பயிற்சியின்போதோ விமான விபத்திலோ மாண்டவர்கள், 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலுக்குப் பலியானவர்கள். உடல் ஊருக்கே வந்துவிட்டதால், குடும்பம் விரும்பினால் தன் சொந்தக் கல்லையே நாட்ட முடிந்தது. அப்படிப்பட்ட கல்லறையும் போர்க் கல்லறையே. ஆனால் தொலைவிலிருந்து பார்த்தால் அக்கம்பக்கத்துக் கல்லறைகளிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது.

எனவே வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு கல்லையும் அடிவரை படியுங்கள். பக்கவாட்டையும் பின்புறத்தையும் விட்டுவிடாதீர்கள். என் ஆறாவது வீரர், தம் பெற்றோரின் பெயர்களுக்கு அடியில் மூன்றாவது பெயராக இருந்தார். ஏழாமவரின் பெயர், கல்லறையைச் சுற்றிப் பதித்திருந்த தாழ்ந்த கல்விளிம்பில் பொறிக்கப்பட்டுப் புல்லுக்குள் மறைந்திருந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. இரண்டாம் முறை சென்றபோது ஒரு குடும்பக் கல்லில் ‘பிரான்சில் வீழ்ந்தார்’ என்ற வரியோடு ஒரு மகனின் பெயரைக் கண்டு, கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்து எண்ணிக்கையில் சேர்த்துவிட்டேன். வீடு திரும்பித் தேடியபோது, அவருக்குத் தனிக் கல்லறையே இல்லை என்பதும், கல்லறை அறியப்படாத 72,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய, பிரான்சிலுள்ள தீப்வால் நினைவுச்சின்னத்தில் அவர் பெயர் இருக்கிறது என்பதும் தெரியவந்தது. மகனின் உடல் வராத பெற்றோர், தங்கள் கல்லிலேனும் அவனுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே கல்லில் பெயர் இருப்பதையும் மண்ணில் உடல் இருப்பதையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஆணையத்தின் பதிவு அவரை எந்த இடத்தில் காட்டுகிறது என்று பார்த்த பிறகே கணக்கில் சேருங்கள்.

தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சாய்வொளிதான் வழி. வெயில் தாழ்ந்திருக்கும் வேளையில் செல்லுங்கள். அல்லது சட்டமில்லாத ஒரு கண்ணாடியால் வெயிலைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து திருப்புங்கள். பகலில் கைவிளக்கைவிடக் கண்ணாடி எவ்வளவோ மேல். சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பது, சவர நுரை பூசுவது, கம்பித் தூரிகையால் சுரண்டுவது, வெளுப்பான் ஊற்றுவது ஆகிய எதையும் செய்யாதீர்கள். கற்பாசி எழுத்தை மறைத்தால் வேறு கோணத்திலிருந்து படமெடுங்கள். புல்லை வெட்டுவதற்கு முன் தேவாலயத்தாரிடம் அனுமதி கேளுங்கள்.

நான்காம் படி: எண்ணைப் பின்தொடருங்கள்

பெயர் ஏமாற்றும், ஒரே படைப்பிரிவில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். எண்தான் பிடி. ஆயினும் எண்ணும் மாறியிருக்கக்கூடும்: பகுதிநேரப் படைகளின் வீரர்களுக்கு 1917இன் தொடக்கத்தில் ஆறிலக்கப் புது எண்கள் தரப்பட்டன. ஓர் ஆவணத்தில் நான்கிலக்க எண்ணும் மற்றொன்றில் ஆறிலக்க எண்ணும் இருந்தால், அவர் வேறொருவர் என்று அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள்.

பணிக்கோப்பு கிடைக்காவிட்டாலும் சோர்ந்துவிட வேண்டாம். முதல் உலகப் போரின் சாதாரண வீரர்களுடைய கோப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை 1940 செப்டம்பரில் நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோயின. யாருக்கு எந்தப் பதக்கம் என்று குறித்த, பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள பதக்க அட்டைகள் அடுத்த வழி. ஆனால் கடல் கடந்து செல்லாமலே இறந்த வீரருக்குப் போர்ப் பதக்கம் கிடையாது என்பதால், கிராமக் கல்லறையில் இருப்பவர் பலருக்கு அட்டையும் இராது. அவர்களுக்கு இறப்புச் சான்றும், தேவாலயத்தின் அடக்கப் பதிவேடும், அக்கால உள்ளூர்ச் செய்தித்தாளுமே கைகொடுக்கும்.

பின்சேர்க்கை 1: போர் முடிந்தபின் 1920இல் இறந்தவரின் கல் எப்படிப் போர்க் கல்லறையாகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆணையத்தின் கால எல்லை 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் ஆகும். அந்நாட்களில் பணியில் இருந்தவர் எக்காரணத்தால் இறந்திருந்தாலும் தகுதி உண்டு. பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட பின் இறந்தவரானால், பணியால் நேர்ந்த காயமோ நோயோ காரணமாக இருந்திருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: பட்டியலில் இல்லாத ஒருவரைக் கண்டதாக இன்னொருவர் எழுதியிருந்தார். இறந்த நாள் மேற்கண்ட எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால், அவர் படையில் பணியாற்றியதைக் காட்டும் ஆவணம், இறப்புச் சான்றின் நகல், அடக்கம் நடந்த இடத்துக்கான ஆதாரம் ஆகியவற்றைச் சேர்த்து ஆணையத்துக்கு அனுப்புங்கள். கல்லின் புகைப்படத்தை மட்டும் அனுப்பினால் போதாது.