பொதி கட்ட மூலம் எது: டார்பாலா, கிட் களஞ்சியமா?

பெங்களூரில் பகலெல்லாம் நிறுவனத்துக்கு நிரல் எழுதிவிட்டு, வார இறுதியில் தமிழ் எழுத்துருவையோ விசைப்பலகையையோ டெபியன் லினக்ஸுக்குப் பொதியாக, அதாவது நிறுவுவதற்கு ஏற்ற தொகுப்பாக, கட்டித்தரும் நம்மவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, மூல நிரலை எங்கிருந்து எடுப்பது என்பதைத்தான். திட்டத்தார் வெளியிடும் டார்பாலை, அதாவது மூலக் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பை, எடுப்பது நெடுநாள் வழக்கம். ஆயினும், நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியத்தில் கையொப்பமிட்ட டேக் (ஒரு வெளியீட்டைக் குறிக்கும் அடையாளம்) இருக்குமானால் அதையே மூலமாகக் கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை.

காரணம், டார்பாலில் இருப்பவை அனைத்தும் களஞ்சியத்தில் இருப்பதில்லை. ஆட்டோடூல்ஸ் என்ற கருவிகளால் நிரலைக் கட்டும் திட்டங்களில், டார்பாலை உண்டாக்கும் 'மேக் டிஸ்ட்' கட்டளை, கன்ஃபிகர் போன்ற இயந்திரம் எழுதிய கோப்புகளையும் உள்ளே சேர்த்துவிடுகிறது. அவற்றை வரிவரியாகப் படிப்பவர் எவருமில்லை. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளின் பின்கதவு (மறைவாக நுழைவதற்கு வைத்த வழி) இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருந்தது: 5.6.0, 5.6.1 டார்பால்களில் மாற்றப்பட்ட ஓர் எம்4 கோப்பு இருந்தது, களஞ்சியத்தில் அது இல்லை. கன்ஃபிகரைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டால் போதும் என்று எண்ண வேண்டாம். அதை உண்டாக்கப் பயன்படும் உள்ளீடுகளில் எம்4 கோப்பும் ஒன்று. தீய நிரலைச் சுமந்த சோதனைக் கோப்புகளோ களஞ்சியத்திலேயே இருந்தன என்பதால், கிட் களஞ்சியமும் முழுக் காப்பு ஆகாது. டார்பாலைத்தான் எடுக்க வேண்டும் என்றால், அதன் கையொப்பத்தைச் சரிபார்த்தபின், அதே டேக்கிலிருந்து எடுத்த கோப்புகளோடு டிஃபோஸ்கோப் என்ற ஒப்பீட்டுக் கருவி கொண்டு ஒப்பிட்டு, மிகுதியாக உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் காரணம் கண்டறியுங்கள்.

களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் தானாக உண்டாக்கித் தரும் சுருக்கக் கோப்பு இவ்விரண்டிலும் சேராதது. 2023 ஜனவரியில் சுருக்கும் முறை மாறியதால், உள்ளடக்கம் மாறாமலேயே அக்கோப்புகளின் செக்சம் (கோப்பைச் சரிபார்க்கும் எண்) மாறி, பலருடைய பில்டுகள் முறிந்தன. பின்னர் அந்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. சப்மாட்யூல்கள் (உள்ளே இணைக்கப்பட்ட பிற களஞ்சியங்கள்) அதில் வருவதில்லை. கிட் வரலாறும் இல்லாததால், பதிப்பெண்ணை டேக்கிலிருந்து அறியும் பைத்தான் திட்டங்கள் தடுமாறும்.

கிட்டிலிருந்து எடுக்கும்போது கிளையின் பெயரை நம்பாதீர்கள்; அது சுட்டும் நிரல் மாறிக்கொண்டே இருக்கும். டேக்கையும் பின்னர் நகர்த்திவிட முடியும் என்பதால், 'கிட் வெரிஃபை-டேக்' மூலம் சரிபார்த்து, அந்த நிலைக்கே உரிய அடையாள எண்ணான முழு கமிட் ஹேஷைக் குறித்துவையுங்கள்.

எழுத்துருக்களில் தேர்வு எளிது. வெளியீட்டுப் பக்கத்தில் கிடைக்கும் ஜிப்பில் பெரும்பாலும் நிறுவுவதற்கு ஆயத்தமான டிடிஎஃப் கோப்பு மட்டுமே இருக்கும். எழுத்துகளை வரைந்த மூலக் கோப்புகள் களஞ்சியத்தில் இருக்கும். டெபியனின் முதன்மைப் பிரிவுக்கு மூலமும் தேவை என்பதால், அங்கே களஞ்சியம்தான் வழி.

எப்படி எடுத்தாலும் டெபியனில் ஒரு முறை ஏற்றிய ஆரிஜ் டார்பாலை (திட்டத்தாரின் மூலத்தைச் சுமக்கும் கோப்பை), அதே பதிப்பெண்ணில் ஒரு பைட்டுகூட மாற்ற இயலாது. எனவே அதை மறுபடி உண்டாக்குவதற்கான வேறுபாட்டை பிரிஸ்டின்-டார் என்ற கருவியால் அதே பெயருள்ள கிட் கிளையில் சேமித்துவிட்டு, அதன்பின் ஏற்றுங்கள்.