“பரம்பரை உடம்பு” என்று விட்டுவிடும் கணக்குகள்

கிளிநொச்சிச் சந்தையிலோ முள்ளியவளைக் கோயில் வீதியிலோ கொஞ்சம் உடம்பு வைத்த ஒருவரைக் கண்டால் சனம் இரண்டு கதைகளில் ஒன்றைத்தான் சொல்லும். “வசதி வந்திட்டுது, அதுதான்” என்பது ஒன்று. “தாயும் இப்படித்தான், பரம்பரை உடம்பு” என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. மிச்சப் பாதியையும் நம்பி நடக்கிற வீடுகளில்தான் சீனி வருத்தமும் பிறசரும் வருடக்கணக்காக ஒளிந்திருக்கின்றன.

வசதியைப் பார்த்து உடம்பைக் கணிப்பது

1989 இல் சோபால், ஸ்ரங்காட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 144 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். வறிய நாடுகளில் வசதியுள்ளவர்களிடம்தான் பருமன் கூடுதலாக இருந்தது. செல்வந்த நாடுகளில், குறிப்பாகப் பெண்களிடம், அது தலைகீழ். 2004 இல் பிரேசிலைச் சேர்ந்த கார்லோஸ் மொன்ரெய்ரோவும் அவரது குழுவினரும் அந்தத் திருப்பம் எங்கே நடக்கிறது என்று தேடினார்கள். தலா வருமானம் ஏறத்தாழ 2500 டொலரை எட்டும்போதே பருமன் ஏழைப் பெண்களின் பக்கம் சாயத் தொடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். இலங்கை அந்தக் கோட்டைத் தாண்டிக் கனகாலம்.

காரணம் விளங்காததல்ல. குறைந்த காசுக்கு அதிகம் கலோரி தருபவை மா, சீனி, எண்ணெய். இடம்பெயர்ந்த காலத்து நிவாரணப் பொதியிலும் அரிசியோடும் பருப்போடும் வந்தவை இவைதான். மெனிக்பாம் முகாமில் வருடக்கணக்காக இதை வைத்தே அடுப்பு எரிந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் நாட்கூலி வீட்டில் காலைக்குப் பாண், பத்து மணிக்குப் பணிஸ், நடுவே சீனி போட்ட தேத்தண்ணி என்றுதான் போகிறது.

இங்கே ஒரு கொடுமையான தவறும் நடக்கிறது. தாய் பருத்தும் பிள்ளை மெலிந்தும் இருந்தால், பிள்ளையின் பங்கையும் தாய் தின்கிறாள் என்று அயல் கதைக்கும். அந்த வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். மீன் துண்டும் முட்டையும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போன பிறகு, சட்டியில் வழித்த சோறும் மிஞ்சிய குழம்பும்தான் அவளுக்கு. மாச்சத்து மிதமிஞ்சியும் புரதமும் இரும்பும் போதாமலும் இருந்தால் இடுப்புப் பெருக்கும், இரத்தம் குறையும். இரண்டும் ஒரே உடம்பில் நடக்கும். கறியை முதலில் ஆளுக்கொரு பங்காகப் பிரித்து வைத்துவிட்டுச் சோற்றைப் பரிமாறினால் இது பெருமளவு மாறும். காசும் செலவில்லை.

கடன் கொப்பியைப் பார்க்காதது

“நாங்கள் சீனி கனக்கப் பாவிக்கிறதில்லை” என்று சொல்லாத வீடே இல்லை. நினைவை நம்பாமல் கடைக்காரரின் கடன் கொப்பியை விரித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் இனிப்புக்காகச் சேர்க்கும் சீனி ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது 5 தேக்கரண்டிக்குள், இருப்பது நல்லது என்கிறது. முப்பது நாளுக்கு அது 750 கிராம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 கிலோ. கொப்பியில் 9 கிலோ என்று இருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 75 கிராம் போகிறது: ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி. சீனியால் மட்டும் 300 கலோரி. வேகமாக ஒரு மணித்தியாலம் நடந்தாலும் அதை எரித்து முடிப்பது கடினம்.

ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாளே பழைய அளவுக்குத் திரும்பிவிடுவார்கள். வாரத்துக்கு அரைக் கரண்டி என்று குறைத்தால் நாக்கு பழகிவிடும். ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி இரண்டானாலே அந்த வீட்டில் மாதம் 3 கிலோ மிச்சம். அந்தக் காசுக்குப் பருப்பு, பயறு, குளத்து ஜப்பான் மீன் (திலாப்பியா) வாங்கலாம். முருங்கையும் பொன்னாங்காணியும் வேலியோரத்தில் கிடக்க, “பழம் வாங்க வசதியில்லை, அதனால் நல்ல சாப்பாடு எங்களுக்கில்லை” என்று கைவிடத் தேவையில்லை. வறிய வீட்டுக்குப் போய் அப்பிளும் ஓட்ஸும் சாப்பிடுங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்களின் தவறு அதைவிடப் பெரிது.

போத்தல் பானங்களில் 2016 முதல் சீனியின் அளவுக்கேற்ப நிற வட்டம் போடுகிறார்கள். சிவப்பென்றால் கூட, பச்சையென்றால் குறைவு. விருந்தாளிக்கென்று வாங்கும்போதாவது அதைப் பார்க்கலாம்.

குரக்கனிலும் ஒரு மயக்கம் உண்டு. குரக்கன் மாவிலும் அரிசி மாவிலும் எடைக்கு எடை கலோரி ஏறத்தாழ ஒன்றுதான். நாரும் கல்சியமும் குரக்கனில் கூட, அதனால் நல்லதுதான். ஆனால் “குரக்கன்தானே” என்று நீத்துப்பெட்டியை இரண்டாம் முறை கவிழ்த்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்தால் கணக்கு பிழைத்துவிடும்.

மரபணுவின் மேல் பழிபோடுவது

பரம்பரை பொய்யில்லை. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்து 1986 இல் வெளியான ஆய்வில், அவர்களின் உடல்வாகு வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை, பெற்றவர்களையே ஒத்திருந்தது. ஆனால் 2007 இல் கண்டறிந்த, பருமனோடு தொடர்புள்ள பேர்பெற்ற மரபணு வகையைத் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோதான் கூட. 20 கிலோ கூடியதற்கு அதை மட்டும் காட்ட முடியாது.

அப்பு மூன்று கோப்பை சோறு சாப்பிட்டும் மெலிந்திருந்தாரே என்பார்கள். அவர் இரணைமடுத் தண்ணீரில் நாற்று நட்டு, கையால் வெட்டி, சூடடித்து, நடந்து வீடு வந்தவர். இப்போது விதைப்பு, கிருமிநாசினி, மெசின் வெட்டு. வயலுக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறோம். கோப்பை மட்டும் சுருங்கவில்லை. சமைத்த சோறு ஒரு கப் ஏறத்தாழ 200 கலோரி. காலபோக வேலை முடிந்த மாதங்களிலும் அறுவடைக் காலத்து அளவையே போடுவதுதான் தவறு.

மெலிந்து பிறந்த பிள்ளையை அவசரமாகக் கொழுக்க வைப்பது

பூனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சௌதாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது சராசரி எடை 2.7 கிலோ, 3.5 கிலோ என்று இருந்தது. பூனேப் பிள்ளைகளுக்குத் தசையிலும் உறுப்புகளிலும் பெரிய குறைவு. தோலுக்குக் கீழுள்ள கொழுப்பில் குறைவு மிகச் சிறிது. மெலிந்து தெரியும் எங்கள் பிள்ளையிடம் கொழுப்பு குறைவென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது கருவின் முதல் மாதங்களில் இருந்தவர்கள் இயல்பான எடையோடுதான் பிறந்தார்கள். ஆனால் நடுவயதில் அவர்களில் பெண்களிடம் பருமன் கூடியிருந்தது. 2009 இன் முற்பகுதியில், போரின் கடைசி மாதங்களில், உப்புக் கஞ்சியில் தாய்மார் உயிர் பிடித்திருந்தபோது கருவில் இருந்த பிள்ளைகள் இந்த மண்ணிலும் உண்டு. அவர்களுக்கு வருத்தம் வந்தே தீரும் என்பதில்லை. மற்றவர்களைவிட முந்தியே அளந்து பார்க்க வேண்டியவர்கள்.

2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். இரண்டு வயது வரை சீனி சேர்க்காத சாப்பாடு. குளுக்கோஸ் பிஸ்கற்றும் மோல்ற் பானமும் எடையை ஏற்றும், உயரத்தை ஏற்றாது. இரண்டு வயதுக்குள் எடையும் உயரமும் சேர்ந்து ஏறுவது நல்லது. அதற்குப் பிறகு உயரம் நிற்க எடை மட்டும் பாய்ந்தால் பிள்ளையின் அட்டையோடு குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

தராசை மட்டும் நம்புவது

எடையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் எடுத்த உயரத்தால் இருமுறை வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி வரும். ஆசியருக்கு 23 இலேயே கவனம் தேவை. 27.5 இல் ஆபத்து அதிகம். 1.60 மீற்றர் உயரமானவருக்கு அது 59 கிலோவும் 70 கிலோவும்.

வயிற்றை அளக்காமல் இதை முடிவாகக் கொள்ளக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், தோலின் மேல், தையல் நாடாவைக் கிடையாகச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட முடிவில் வாசியுங்கள். ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80 உம் எல்லை. காற்சட்டை அளவைச் சொல்பவர்கள் ஏமாறுகிறார்கள், பெல்ற் வயிற்றுக்குக் கீழேதான் கிடக்கும்.

வன்னியில் கால் இழந்தவர்களுக்கு இந்தச் சுட்டி பிழையாகவே வரும். முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி உடல் எடையில் ஏறத்தாழ 5.9 சதவீதம். செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு நிறுத்து, வந்த எடையை 0.941 ஆல் வகுக்க வேண்டும். 1.65 மீற்றர் உயரமான ஒருவர் 60 கிலோ என்றால் சாதாரணக் கணக்கில் 22, பிரச்சினை இல்லை. திருத்திய எடை 63.8 கிலோ, சுட்டி 23.4. எல்லை தாண்டியாயிற்று. நடமாட்டமும் குறைந்த உடம்பு என்பதால் இந்த வித்தியாசம் சின்னதில்லை.

சில மனநல மருந்துகளும் ஸ்டெரொயிட்டும் எடையைக் கூட்டும். அதற்காகத் தாமாக நிறுத்துவது எடையைவிட ஆபத்து. கொடுத்த டொக்டரிடம் சொன்னால் மாற்று வழி பார்ப்பார்.

பெற்றோரிலோ உடன்பிறப்பிலோ சலரோகம் இருந்தாலும், கர்ப்பத்தில் சீனி கூடியிருந்தாலும், வருத்தம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பத்தில் சீனி இருந்தவர் பிரசவத்தின் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறை பார்ப்பது கட்டாயம். 35 வயது தாண்டியவர்களை அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், கூலி போய்விடும் என்று ஆண்கள் வருவதில்லை. வேலையில்லாத நாளாகப் பார்த்துப் போகலாம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது 8 மணித்தியாலம் தண்ணீர் மட்டும். காலையில் சந்தியில் இறங்கி ஒரு வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனால், வரிசையில் நின்றதும் விட்ட கூலியும் வீண்.