மலையகத்தில் மணி பார்த்துச் சாப்பிடுவது: கடை, ரயில், பார்

இலங்கை மலையகப் பயணத்தில் சாப்பாடு சரியில்லை என்று வருகிற முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கடை அல்ல, நேரம். சோறு பகலில் ஒரு தடவைதான் வடிக்கப்படும். கொத்துத் தகடு பொழுது சாய்ந்த பிறகுதான் சூடேறும். குளிர் ஊர்களில் இரவு எட்டரைக்கே கதவு பாதி இறங்கிவிடும். பிற்பகல் மூன்றரைக்குப் போய்ச் சோறு கேட்டால் அடிப்பானையில் ஆறிக் கிடந்ததுதான் வரும். எந்த ஊர், எந்தக் கடை என்று தேடுவதற்கு முன்னால் மணியைப் பாருங்கள்.

அடுத்தது பெயர்ப்பலகை. இங்கே ‘ஹோட்டல்’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் சாப்பாட்டுக் கடை, தங்குமிடம் அல்ல. சின்ன ஊர்களில் ‘ரெஸ்டோரன்ட்’ என்று பலகை போட்டு, கறுப்புக் கண்ணாடியோ திரையோ இருந்தால் அது பெரும்பாலும் பார். பிள்ளைகளோடு பகல் சோற்றுக்கு அதற்குள் நுழைந்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் பலர். ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்பது கம்பிக்கதவுக்குப் பின்னால் போத்தல் விற்கும் கடை. வாங்கிப் போகலாம், அங்கே நின்று குடிக்க முடியாது.

காலை ஆறரை முதல் ஒன்பது வரை இடியப்பம், தோசை, ரொட்டி, பாண். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துச் சைவக் கடைகளில் தோசையும் வடையும் நன்றாக இருக்கும். தோட்டத்து வழக்கத்தில் கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும்தான் காலைச் சாப்பாடு. ரொட்டியைத் தகட்டிலிருந்து எடுத்த சூட்டில் தின்ன வேண்டும், ஆறினால் தோல் போல இழுக்கும். சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சைவக் கடை தவிர மற்ற இடங்களில் தேங்காய்ச் சம்பலிலும் கட்டச் சம்பலிலும் மாசிக் கருவாடு இருக்கும், சில இடங்களில் பருப்பிலும் விழும். “மாசி போட்டதா?” என்று கேளுங்கள். சிங்களம் மட்டும் பேசும் கடையென்றால் “உம்பலகட தாலத?” என்றால் போதும்.

பகல் சோற்றுக்குச் சரியான நேரம் பன்னிரண்டேகால் முதல் ஒன்றரை வரை. ஒரு தட்டில் சோறு, பருப்பு, இரண்டு அல்லது மூன்று மரக்கறி, சம்பல், அப்பளம். மீன், கோழி, முட்டை எதுவென்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், விலை அதை வைத்துத்தான். சோறும் மரக்கறியும் இன்னொரு தடவை கேட்டால் பல கடைகளில் காசு இல்லாமலே வைப்பார்கள். இறைச்சித் துண்டுக்கு அப்படி இல்லை. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் லீக்ஸ், கரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு தோட்டத்திலிருந்து நேரே வரும். அந்த ஊர்களில் கோழியை விட்டுவிட்டு மரக்கறியைக் கூட வாங்குவது புத்தி. உறைப்பு தாங்காதவர்கள் “மிரிஸ் அடுவென்” என்று சமைத்து முடிந்த கறிக்குச் சொல்லிப் பயனில்லை. கறி காலையிலேயே வெந்துவிட்டது. பருப்பும் உருளைக்கிழங்கும் கூட வைக்கச் சொல்லி, சம்பலைத் தட்டின் ஓரத்தில் வாங்குங்கள்.

தட்டில் லன்ச் ஷீட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துப் பரிமாறினால் முகம் சுளிக்க வேண்டாம். தண்ணீர் தட்டுப்பாடான கடையில் கழுவாத தட்டை விட அது மேல். குடிக்கச் சுடுதண்ணீர் கேட்டால் தருவார்கள். போத்தல் தண்ணீரில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

நாலு மணிக்குத் தேத்தண்ணியும் ‘ஷோர்ட் ஈட்ஸ்’ தட்டும். ரோல்ஸ், கட்லட், பட்டிஸ், வடை, முக்கோணமான மாலு பண் எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கி மேசையில் வைத்துவிடுவார்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் வரும். பதற வேண்டாம், தின்றதை மட்டும் எண்ணிக் காசு வாங்குவார்கள். கையால் தொட்டதைத் திரும்ப வைக்காமல் இருப்பது உங்கள் பங்கு. எது காலையில் பொரித்தது, எது இப்போது பொரித்தது என்று கண்டுபிடிப்பது சுலபம். குளிரில் எண்ணெய் உறைந்து பாண் தூள் மேல் மங்கலாகப் படிந்திருந்தால் அது காலைச் சரக்கு. அதில் மீனும் முட்டையும் உள்ளதை விட்டுவிட்டு உளுந்து வடையை எடுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ரோல்ஸைக் கடிக்கும் முன் கேட்க வேண்டும். முஸ்லிம் ஹோட்டல்களில் பல நேரம் மாட்டிறைச்சியாகத்தான் இருக்கும்.

தேத்தண்ணியைக் கேட்கத் தெரிந்து கேட்டால் அதே கடையில் வேறு தேத்தண்ணி வரும். ‘பிளேன்டீ’ என்றால் பால் இல்லாதது, ‘பால் தேத்தண்ணி’ என்றால் பால்மா அல்லது டின்பால் போட்டது. சொல்லாவிட்டால் சீனி நிறைய விழும். “சீனி குறைச்சு, சாயம் கூட” என்று சொல்லுங்கள். இஞ்சி தட்டிப் போடச் சொல்லலாம். கித்துள் கருப்பட்டி இருந்தால் சீனியை நிறுத்திவிட்டு அதைக் கடித்துக் குடிப்பது குளிருக்கு மிக நல்லது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே சாயம் இறங்கக் கொஞ்சம் நேரம் கூட வேண்டும், ஊற்றின தேத்தண்ணி சீக்கிரம் ஆறியும் போகும். முதலில் வடை, கடைசியில் தேத்தண்ணி என்று வரிசைப்படுத்துங்கள். இதே காரணத்தால்தான் பிரஷர் குக்கர் இல்லாத கடையில் கடலை பல்லில் கடகடக்கிறது.

ரயிலில்

கண்டியிலிருந்து எல்ல வரை ஆறு, ஏழு மணித்தியாலம். இடையில் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பி வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். சோற்றுப் பார்சல் கட்டுவதானால் புறப்படுவதற்குச் சற்று முன் கட்டி, நாலு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மீனும் தேங்காய்ப்பாலும் உள்ள பார்சல் கீழ்நாட்டுச் சூட்டில் முதலில் புளிக்கும், அதனால் பருப்பு, பொரியல், முட்டை பாதுகாப்பு. பெட்டிக்குள் கூடையோடு வருகிறவர்களிடம் இறால் வடையும் கடலையும் வாங்கலாம். வடையில் இறால் தலையோடு ஒட்டியிருக்கும், ஓடு மொறுமொறுப்பாக இருந்தால் புதிது, நமத்திருந்தால் பழையது. சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும். ரயில் நகரத் தொடங்கும்போது ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் வியாபாரிக்கும் உங்களுக்கும் கஷ்டம். ரயிலில் குடிப்பது தடை. மழைக் காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடுவது உண்டு, ஆகவே அன்றைக்கு ரயில் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் விசாரித்த பிறகே பார்சல் கட்டுங்கள்.

மாலை ஆறரைக்குப் பிறகு கொத்து, அப்பம், பரோட்டா. தகட்டில் இரண்டு கரண்டி அடிக்கும் சத்தம் தெருவுக்குக் கேட்டால் கடை சூடாகிவிட்டது என்று பொருள். அதற்கு முன்னால் கேட்டால் நேற்றைய ரொட்டியை வெட்டிப் போடும் வாய்ப்பு அதிகம். முழுக் கொத்து சாதாரணமாக இருவருக்குப் போதும். குழம்பைத் தனியாகக் கிண்ணத்தில் கேளுங்கள், மேலே ஊற்றினால் பத்து நிமிஷத்தில் கூழாகிவிடும். எண்ணெய் குறைக்கவும் உறைப்பு குறைக்கவும் இங்கே சொல்லலாம், ஏனென்றால் இது உங்கள் கண் முன்னால் செய்வது. முட்டை அப்பத்துக்கும் அதே நேரம்தான். ஒவ்வொன்றாகச் சுடச்சுட வாங்குங்கள், நாலையும் ஒன்றாகக் கேட்டால் கடைசி இரண்டும் நெளிந்துவிடும்.

பாரில்

சட்டத்தை முதலில் சொல்லிவிடலாம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்கக் கூடாது, 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அது. போயா (பௌர்ணமி) நாட்களில் எங்கும் விற்பனை இல்லை. மாதத்துக்கு ஒரு போயா நிச்சயம், வெசாக்குக்கு இரண்டு நாள், ஒக்டோபர் 3 உலக மதுவிலக்கு நாளிலும் மூடுவார்கள். பயணத் திகதியை நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வந்து, எல்லயில் போயா மாலையில் கையைப் பிசைகிறவர்களை எப்போதும் காணலாம். பொது இடத்தில், வீதியோரத்தில், காட்சி முனையில் போத்தல் திறப்பதும் குற்றம்.

பெண்களுக்கு ஒரு தகவல். தவறணைகளில் பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டு வர்த்தமானி ஒன்று உண்டு. 2018 ஜனவரியில் அதை நீக்கி, சில நாட்களிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். சுற்றுலா ஹோட்டல்களிலும் கஃபேக்களிலும் இது தொல்லையாக வருவதில்லை. ஊர்ப் பாரில் முழுக்க ஆண்கள்தான் இருப்பார்கள், பெண்கள் உள்ள குழு அங்கே நிம்மதியாக உட்கார முடியாது. அது மாற வேண்டிய நிலை. ஆனால் இன்றைக்கு வருகிறவர் இதைத் தெரிந்துகொண்டு இடத்தைத் தெரிவுசெய்வது நல்லது.

உட்கார்ந்ததும் குடிக்க என்ன என்றுதான் கேட்பார்கள். நீங்கள் முதலில் ‘பைட்’, அதாவது குடியோடு தின்னும் பண்டம், சொல்லுங்கள். டெவல் செய்த (உறைப்பாக வதக்கிய) கோழி, பன்றி, கணவாய் எதுவானாலும் இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஆகும், அடுப்பில் ஒரே தாச்சி என்றால் இன்னும் பிந்தும். அந்த இடைவெளியில் வெறும் வயிற்றில் இறங்குவதுதான் பல இரவுகளைக் கெடுக்கிறது. தாளித்த கடலை ஐந்து நிமிஷத்தில் வரும், அதை உடனே கேளுங்கள். டெவல் ஒரு தட்டு இருவருக்குச் சரி. எலும்போடா, எலும்பில்லாமலா, பிரட்டலா, குழம்பா என்று சொல்லாவிட்டால் சமையற்காரர் விருப்பம். பன்றியும் கோழியும் ஒரே தாச்சியில் போகும், அதில் கவலை உள்ளவர்கள் பாரில் சாப்பிடாமல் முன்னமே சாப்பிட்டு வருவது நல்லது. சமையலறை பாரை விட முந்தி மூடும் என்பதால் கடைசி ஓடர் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பியரில் பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் வேறு. லயன் லாகர் 4.8 வீதம், லயன் ஸ்டவுட்டும் லயன் ஸ்ட்ரோங்கும் 8.8 வீதம். பெரிய போத்தல் 625 மில்லிலீட்டர். கணக்குப் போட்டால் லாகர் போத்தலில் 30 மில்லிலீட்டர் தூய மதுசாரம், 8.8 வீதப் போத்தல் ஒன்றில் 55. சாராயம் 36 வீதம் என்று வைத்தால் 50 மில்லிலீட்டர் ஷொட்டில் 18. அதாவது ஒரு பெரிய ஸ்ட்ரோங் மூன்று ஷொட்டுக்குச் சமம். “ஒரு பியர்தானே” என்று குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவர் பார்க்காமல் விட்டது இந்த எண்ணைத்தான். ஸ்டவுட் மலைக் குளிருக்கு மிகப் பொருத்தம், கருப்பட்டியும் கோப்பியும் கலந்தது போன்ற சுவை. ஒரு போத்தலை இருவர் பகிர்ந்தால் போதும். நுவரெலியாவில் பியர் வடித்த வரலாறு பழையது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1849இல் தொடங்கினார், 1881இல் அது பெரிய அளவில் நிறுவப்பட்டது. ஆனால் லயன் இப்போது கொழும்புக்கு அருகேயுள்ள பியகமையில் வடிக்கப்படுகிறது. ‘இங்கேயே வடித்தது’ என்று விலை கூட்டினால் மறுத்துவிடுங்கள்.

தென்னஞ் சாராயத்தை இஞ்சி பியரோடு (மதுவில்லாத இஞ்சிச் சோடா) கலப்பதுதான் நாட்டு வழக்கம். 50 மில்லிலீட்டர் சாராயம், 150 மில்லிலீட்டர் குளிர்ந்த எலிபன்ட் ஹவுஸ் இஞ்சி பியர், அரைத் தேசிக்காய்ப் புளி, நாலு ஐஸ் கட்டி. கோலா ஊற்றினால் சாராயத்தின் மணம் முழுக்க அடங்கிவிடும். ஷொட் 25ஆ 50ஆ என்று விலை கேட்கும்போதே கேளுங்கள். கடையில் வாங்கினால் முழுப் போத்தல் 750, அரை 375, கால் 180. மூடி முத்திரை உடையாததா என்று பாருங்கள். பெயரில்லாத போத்தலில் மலிவாக வருவது எதுவானாலும் தொடவே வேண்டாம். கசிப்பில், அதாவது கள்ளச் சாராயத்தில், மெதனோல் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும், வாசனையால் கண்டுபிடிக்க முடியாது.

பழைய ஹோட்டல் பார்களுக்கு உடை பார்க்க வேண்டும். 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் மாலை ஏழுக்குப் பிறகு ஆண்களுக்குக் கோட்டும் டையும், அங்கத்தவர் அல்லாதவர் தற்காலிக அங்கத்துவக் கட்டணம் கட்டி நுழைவார்கள். கிராண்ட் ஹோட்டல் ஒரு காலத்தில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் வீடு. சாப்பாட்டை வேறெங்காவது முடித்துவிட்டு ஒரு கிளாஸுக்கு மட்டும் போனாலும் அங்குள்ள கணப்பு அடுப்பருகே இருப்பது வீண் போகாது. ஏப்ரல் வசந்த காலத்தில் மட்டும் முன்பதிவு இல்லாமல் நுவரெலியாவுக்கு ஏற வேண்டாம்.

பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் 18 வீத வாட் வரி. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 1000 ரூபாய் உணவு ஏறத்தாழ 1300 ஆகும். ஊர்ப் பாரில் வெறும் போத்தல்களை மேசையிலிருந்து எடுக்க விடாதீர்கள், பில்லை அவற்றோடு ஒப்பிட்டு எண்ணுவதுதான் வழி. சேவைக் கட்டணம் இல்லாத கடையில் பரிமாறிய தம்பிக்குப் பத்து வீதம் கையில் கொடுங்கள்.

தோட்ட லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) யாராவது தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் பிஸ்கட், பழம், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கொப்பி கொண்டுபோங்கள். போத்தல் கொண்டுபோகாதீர்கள், வேலைக்குக் கூலியாகவோ பரிசாகவோ சாராயம் கொடுக்காதீர்கள். நாட்சம்பளத்தில் ஓடும் குடும்பங்களைக் குடி எப்படிச் சிதைக்கிறது என்று அந்த வீட்டு அக்காமாரைக் கேட்டால் தெரியும்.

திரும்பும் வழியைக் குடிக்கும் முன் ஒழுங்குபடுத்துங்கள். கடைசி பஸ் முந்தியே போய்விடும், இரவில் பனிமூட்டம் இறங்கினால் ஓட்டோக்காரர்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வரும்போதே ஓட்டோ அண்ணனிடம் திரும்பும் நேரமும் விலையும் பேசி, தொலைபேசி இலக்கம் வாங்குங்கள். வாகனம் ஓட்டுகிறவர் ஒரு துளியும் வேண்டாம், கொண்டை ஊசி வளைவுகள் மன்னிப்பதில்லை. எல்லயில் தண்டவாளம் வழியே விடுதிக்கு நடப்பது பகலிலேயே ஆபத்து. இருட்டில், குடித்த நிலையில் கட்டாயம் வீதியால் வாருங்கள். சாராயம் உடம்பைச் சூடாக்கியது போலத் தோன்றினாலும் தோல் வழியே சூட்டை வெளியேற்றும், அதனால் ஸ்வெட்டரைப் பாரில் கழற்றி வைத்தால் வெளியே வருமுன் மாட்டிக்கொள்ளுங்கள்.