அம்ப்ளியோபியா: சொல்லின் பொருளும் பேட்ச் ஒட்டும் முறையும்

கிரேக்கத்தில் 'அம்ப்ளுஸ்' என்றால் மழுங்கியது. 'ஓப்ஸ்' என்றால் கண், பார்வை. இரண்டும் சேர்ந்ததுதான் அம்ப்ளியோபியா. கத்திக்கும் புத்திக்கும் நாம் 'மழுங்கல்' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பது போலத்தான் அவர்களும் வைத்திருந்தார்கள். கிட்டப்பார்வையைக் குறிக்கும் மயோபியாவின் வாலில் இருப்பதும் இதே 'ஓப்ஸ்'தான்; கண்ணை இடுக்கிப் பார்ப்பது மயோபியாவின் மூலப்பொருள்.

பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் நூல்களில் அம்ப்ளியோபியா என்பது எந்தப் பார்வை மங்கலையும் குறித்தது. 1851-ல் ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை வெளியிட்டபின், விழித்திரை நோய்களும் நரம்பு நோய்களும் தனித்தனியாகப் பிரிந்தன. உள்ளே கோளாறு எதுவும் தென்படாத மங்கலுக்கு இந்தப் பெயர் நிலைத்தது.

அம்ப்ளியோபியாவைச் 'சோம்பேறிக் கண்' என்று சொல்லும் வழக்கு தவறாக வழிநடத்துகிறது. மாறுகண், இரு கண்ணுக்கும் இடையே பவர் வித்தியாசம், பிறவிக் கண்புரை, தொங்கும் இமை ஆகியவற்றில் ஏதோ ஒன்றால் ஒரு கண்ணின் படம் தெளிவில்லாமல் போகிறது. வளரும் மூளை அந்தப் படத்தை ஒதுக்கப் பழகிவிடுகிறது. குழந்தையை 'ஒழுங்காகப் பார்' என்று அதட்டிப் பயனில்லை.

வீட்டில் ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு பக்கம் மூடும்போது மட்டும் குழந்தை கையைத் தட்டிவிட்டால், திறந்திருக்கும் கண்ணில் பார்வை குறைவு என்று சந்தேகிக்கலாம். போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள்.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்து, முதலில் கண்ணாடி. அதை நாள் முழுக்கப் போட வேண்டும். சில குழந்தைகளுக்கு நான்கைந்து மாதத்தில் கண்ணாடியே போதுமானதாகிவிடுகிறது.

போதாதபோதுதான் பேட்ச், அதாவது ஒரு கண்ணை மூடி ஒட்டும் பட்டை. மூட வேண்டியது நன்றாகத் தெரியும் கண்ணை. இதை மாற்றிச் செய்துவிடும் வீடுகள் உண்டு. மிதமான குறைபாட்டுக்குப் பொதுவாகத் தினம் 2 மணி நேரம், கடுமையானதற்கு 6 மணி நேரம்; உங்கள் குழந்தைக்கான அளவை மருத்துவர் சொல்வார். பேட்சைத் தோலில் நேரடியாக ஒட்டி, அதன்மேல் கண்ணாடியைப் போடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் துணி மாட்டினால் மூக்கோரமாக எட்டிப் பார்த்துவிடும், அந்த நேரம் வீண். சிவந்து புண்ணானால் ஒட்டும் கோணத்தை மாற்றுங்கள். ஈரத்துணியால் நனைத்து மெல்ல உரியுங்கள்.

மூடியிருக்கும் நேரத்தில் மணி கோப்பது, வண்ணம் தீட்டுவது, படக்கதை பார்ப்பது போன்ற கிட்ட வேலை கொடுங்கள். சைக்கிள், தெரு விளையாட்டு, மாடிப்படி ஓட்டம் வேண்டாம். முதல் வாரம் அழும். மழுங்கிய கண்ணால் மட்டும் பார்ப்பது உண்மையிலேயே கஷ்டம். அரை மணியில் தொடங்கிக் கூட்டுங்கள். சுத்தமாக ஒட்டவே விடாத குழந்தைக்கு, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு மங்கலாக்கும் வழி இருக்கிறது. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும்.

7 வயதுக்குள் பலன் அதிகம். 12 வரையிலும் முயலலாம். மறுபரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள், அளவு மீறி மூடினால் நல்ல கண்ணும் மங்கக்கூடும். பார்வை தேறியதும் பேட்சைச் சட்டென நிறுத்தாமல் 6 மணியை 2 மணியாக்கி, பிறகு நிறுத்துவார்கள். ஓராண்டுக்குள் ஏறத்தாழ நாலில் ஒரு குழந்தைக்கு மங்கல் திரும்புகிறது. நிறுத்திய பின்னும் அந்த ஓராண்டு முழுக்கப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.