சாமுராய் வீட்டு அன்றாடச் சாப்பாடு: செய்முறை விளக்கம்

சாமுராய் (பழைய ஜப்பானின் போர்வீரர்) என்றதும் சுஷியும் சோயா சாஸும் நினைவுக்கு வந்தால் இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். 16-ஆம் நூற்றாண்டில் சாதாரண வீரர் சாப்பிட்டது பழுப்பரிசிச் சோறு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், ஊறுகாய், கிடைத்தால் கருவாடு. அதுவும் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு வேளைதான். எடோ காலத்தில் (1603–1868) ஓர் ஆளுக்கு அளந்துகொடுத்த அரிசி நாளொன்றுக்கு 5 கோ. ஒரு கோ என்பது 180 மி.லி., ஏறக்குறைய 150 கிராம் அரிசி. ஆக, 750 கிராம்! மற்றதெல்லாம் சோற்றை உள்ளே இறக்கத்தான்.

கீழே உள்ள அளவு இருவருக்கு, ஒரு வேளைக்கு.

1. சோறு
குட்டை ரகப் பழுப்பரிசி 2 கோ எடுத்து, கழுவி, 8 மணி நேரம் ஊறவையுங்கள். ஊறல் போதாவிட்டால் மேலே குழைந்து நடுவில் விதையாக நிற்கும். வடித்துவிட்டு 560 மி.லி. தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் மூடி, மிகக் குறைந்த தீயில் 35 நிமிடம். அடுப்பை அணைத்து 15 நிமிடம் திறக்காதீர்கள். புழுங்கலரிசி வேண்டாம், ஒட்டாது. தீட்டிய அரிசியும் வேண்டாம்: எடோவில் (இன்றைய டோக்கியோ) வெள்ளைச் சோறு பரவியபோது, வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயும் பரவியது. ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான 14-ஆவது ஷோகன் தோகுகாவா இயெமோச்சி 1866-இல், இருபது வயதில், அந்த நோயில்தான் இறந்தார்.

2. சூப்
உப்பிடாத உலர் நெத்திலி 10 கிராம். தலையையும் குடலையும் கிள்ளி எடுங்கள், இல்லையென்றால் கசக்கும். 450 மி.லி. தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, 8 நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அதில் 100 கிராம் முள்ளங்கியை வேகவைத்து, அடுப்பை அணைத்த பிறகே ஒன்றரை மேசைக்கரண்டி சிவப்பு மிசோவைக் கரையுங்கள். கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். உப்பு சேர்க்க வேண்டாம், மிசோவிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குவரை உப்பு உண்டு. தாளிக்கக் கை துறுதுறுக்கும்; கூடாது.

3. சுட்ட மிசோ
என்னைக் கேட்டால், இந்தச் சாப்பாட்டின் உயிரே இதுதான். மிசோ 3 மேசைக்கரண்டி, வறுத்த எள் ஒரு தேக்கரண்டி, துருவிய இஞ்சி அரைத் தேக்கரண்டி, மூன்றையும் பிசையுங்கள். மரக்கரண்டியைக் கால் மணி நேரம் நீரில் ஊறவைத்து, அதன் மேல் அரை செ.மீ. கனத்தில் அப்புங்கள். கனம் கூடினால் வழுக்கி அடுப்பில் விழும், கரண்டி உலர்ந்திருந்தால் அதுவே கருகும். தணலுக்கு ஒரு சாண் மேலே பிடித்து, மேற்பரப்பு வெடித்து ஓரம் கருக்கும்வரை காட்டுங்கள்.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். போருக்குப் போகும்போது இதையே உருண்டையாக்கிச் சுட்டு எடுத்துச் சென்று வெந்நீரில் கரைத்தார்கள். 150 மி.லி. வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும்.